முதல் பொட்டலம் கைக்கு வருமுன்

இந்த அத்தியாயம் ஆறு, ஏழு, எட்டாம் வகுப்புகளுக்குப் பொறுப்பேற்றிருக்கும் ஆசிரியருக்கானது. "இந்த வயசுலேயே இதையெல்லாம் பேசணுமா? நாமளே சொல்லிக்கொடுத்த மாதிரி ஆயிடாதா?" என்று தலைமை ஆசிரியரோ பெற்றோரோ கேட்கக்கூடும். அந்தத் தயக்கம் நியாயமானது. அவர்களிடம் ஒரு கணக்கைச் சொல்லுங்கள். 2019-ல் நடந்த உலக இளையோர் புகையிலைக் கணக்கெடுப்பில், இந்தியாவில் 13 முதல் 15 வயது வரையுள்ள மாணவர்களில் 8.5 சதவீதம் பேர் ஏதோ ஒரு வகைப் புகையிலையைப் பயன்படுத்தி வந்தது தெரிந்தது. மெல்லும் புகையிலையைத் தொட்டுப் பார்த்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோர் பத்து வயது நிறைவதற்குள் தொடங்கியிருந்தார்கள். பத்து வயது என்றால் ஐந்தாம் வகுப்பு. ஆறாம் வகுப்பில் பேசுவது சீக்கிரம் என்று நினைக்க இடமே இல்லை.

எப்படிப் பேசுவது என்பதில்தான் பள்ளிகள் தடுமாறுகின்றன. போதைப்பொருள் ஒழிப்பு நாளான ஜூன் 26 அன்று ஊர்வலம், உறுதிமொழி, ஓவியப் போட்டி. மறுநாள் எல்லாம் பழையபடி. உறுதிமொழி இருக்கட்டும். அதற்கு மேல் நாம் எட்ட வேண்டிய இலக்கு ஒன்று உண்டு: ஒரு பிள்ளையிடம் யாராவது எதையாவது நீட்டினால், அன்றைக்கே அவன் வந்து உங்களிடம் சொல்ல வேண்டும். கீழே உள்ள ஒவ்வொரு படியையும் அதை மனத்தில் வைத்துச் செய்யுங்கள். எந்தச் செயல் அவனை உங்களிடம் வரவிடாமல் செய்யுமோ, அது எவ்வளவு நல்ல நோக்கத்தோடு செய்யப்பட்டாலும் தவிர்க்க வேண்டியதே.

தொடங்குமுன் நீங்கள் அறிய வேண்டியது

இந்தப் பட்டியல் உங்களுக்கு மட்டும். வகுப்பில் வாசிக்கவோ, கரும்பலகையில் எழுதவோ வேண்டாம்.

புகையிலை: தமிழ்நாட்டில் குட்கா, பான் மசாலா வகைகளுக்கு 2013 முதல் தடை இருக்கிறது. ஆனாலும் ஹான்ஸ், மாவா, உதட்டுக்கு அடியில் வைத்துக்கொள்ளும் கூல் லிப் போன்ற சிறு பைகள் பிள்ளைகள் கைக்கு வந்துவிடுகின்றன. 2024-ல் உயர் நீதிமன்ற மதுரைக் கிளை, கூல் லிப்பை நாடு முழுவதும் ஏன் தடை செய்யக்கூடாது என்று கேட்டது, அது பள்ளி மாணவர்களிடம் பரவியிருப்பதைக் கண்டுதான். இதற்குப் புகை இல்லை, நெருப்பு வேண்டாம், வாயில் புதினா வாசம் மட்டுமே வரும். அதனால் பாட வேளையிலேயே வாயில் வைத்திருக்க முடியும். உதட்டோரம் புடைத்திருப்பது, அடிக்கடி எச்சில் துப்பப் போவது, உதட்டின் உட்புறம் வெளுத்திருப்பது ஆகியவை அடையாளங்கள்.

முகரும் பொருட்கள்: ஒயிட்னர், பஞ்சர் ஒட்டும் சொல்யூஷன், பெயின்ட் தின்னர். மத்திய சமூக நீதி அமைச்சகம் 2019-ல் வெளியிட்ட தேசியக் கணக்கெடுப்பில், பெரியவர்களைவிடப் பிள்ளைகளிடம் அதிக விகிதத்தில் காணப்பட்ட ஒரே வகை இதுதான்: பெரியவர்களில் 0.58 சதவீதம், பிள்ளைகளில் 1.17 சதவீதம். விலை மலிவு, ஸ்டேஷனரி கடையிலேயே கிடைக்கிறது. சட்டையிலும் கைக்குட்டையிலும் பெயின்ட் வாடை, மூக்கையும் வாயையும் சுற்றிப் புண், குடித்தவர் போன்ற தள்ளாட்டம் ஆகியவற்றைக் கவனியுங்கள்.

இ-சிகரெட்: 2019 முதல் நாடு முழுவதும் தடை. பார்க்கப் பேனா போலவோ பென்டிரைவ் போலவோ இருக்கும். பழவாசனை வரும்.

மது: இந்த வயதில் இது கடையிலிருந்து வருவதில்லை. திருவிழாவிலும் துக்க வீட்டிலும் மாமனோ சித்தப்பாவோ "ஒரு வாய் குடிடா, ஆம்பளப் புள்ளதான நீ" என்று நீட்டும் தம்ளரில் வருகிறது.

கஞ்சாவும் மாத்திரைகளும் இந்த வகுப்புகளில் குறைவு. வந்தால் பெரும்பாலும் வயதில் மூத்த பையன்கள் வழியாகவே வரும், சில இடங்களில் சாக்லேட் வடிவத்திலும்.

கவனம்: அடையாளம் எதுவும் தீர்ப்பு ஆகாது. திடீரென்று படிப்பில் சரிவது, தனித்திருப்பது, எரிந்து விழுவது எல்லாம் வீட்டுச் சண்டையாலும் வரும், பாலியல் தொல்லையாலும் வரும், கண் பார்வைக் குறையாலும் வரும். "என்ன போட்டுட்டு வந்திருக்க?" என்று ஆரம்பித்துவிட்டால், உண்மையான காரணத்தைப் பிறகு அவன் வாயிலிருந்து வாங்க முடியாது. பெண் பிள்ளைகளிடம் இந்தப் பேச்சே வேண்டாம் என்று விட்டுவிடுவதும் தவறு.

படி 1: பிள்ளைகளின் வரைபடம் (பள்ளி திறந்த முதல் மாதம்)

1. வருகைப் பதிவேட்டைப் பார்க்காமல் உங்கள் வகுப்புப் பிள்ளைகளின் பெயர்களை ஒரு நோட்டில் எழுதுங்கள். கடைசிவரை நினைவுக்கு வராத பெயர்களைப் பிறகு பதிவேட்டைப் பார்த்து எழுதிச் சுழித்து வையுங்கள். உங்கள் வேலை அவர்களிடமிருந்து தொடங்குகிறது.

2. ஒவ்வொரு பெயருக்கும் எதிரே மூன்று விவரங்கள் சேருங்கள்: மாலை நாலரை மணிக்கு வீட்டில் யார் இருப்பார்கள், யாரோடு நடந்து போகிறான், அந்தக் கூட்டாளிகளின் வயது என்ன. மூன்றாவது விவரம் மிக முக்கியம். பன்னிரண்டு வயதுப் பையன் பதினேழு வயதுக்காரர்களோடு சுற்றினால், அந்தக் கூட்டத்தில் அவன் நிலைக்க ஏதாவது ஒரு விலை கொடுக்க வேண்டியிருக்கும்.

3. விசாரணை போல உட்கார வைத்துக் கேட்காதீர்கள். சத்துணவு வரிசை, விளையாட்டுப் பீரியட், மழைக்கு ஒதுங்கி நிற்கும் நேரம் போதும்.

4. தமிழே தட்டுத்தடுமாறி வாசிக்கும் பிள்ளைகளைத் தனியே குறித்துக்கொள்ளுங்கள். வகுப்பில் தினமும் தோற்றுப்போகும் பிள்ளைக்குப் பள்ளியோடு ஒட்டுதல் இருக்காது. அவனுக்கு வாசிக்கக் கற்றுக்கொடுப்பதும் போதைத் தடுப்பு வேலைதான். நான் இதைப் பட்டியலின் மேலேயே வைப்பேன்.

இந்த நோட்டை வகுப்பறையில் வைக்காதீர்கள்.

படி 2: பள்ளியைச் சுற்றி ஒரு நடை

பள்ளி மேலாண்மைக் குழு உறுப்பினர் ஒருவரோடு சேர்ந்து செய்யுங்கள். 2003-ஆம் ஆண்டுப் புகையிலைச் சட்டத்தின்படி, கல்வி நிறுவனத்திலிருந்து 100 கெஜத்துக்குள் புகையிலைப் பொருள் விற்கக்கூடாது. 18 வயதுக்குக் குறைந்தவருக்கு எங்குமே விற்கக்கூடாது. வாசலில் அறிவிப்புப் பலகை இருக்கிறதா, நூறு கெஜ எல்லைக்குள் பெட்டிக்கடை இருக்கிறதா, கழிப்பறைக்குப் பின்புறம், சுற்றுச்சுவர் இடிந்த இடம், பயன்படாத கட்டடம் எங்கே என்று குறித்து, குழுக் கூட்டத்தில் தீர்மானமாகப் பதியுங்கள்.

பாதுகாப்பு: கடைக்காரரிடம் நீங்கள் தனியாகப் போய்ச் சண்டை போடாதீர்கள். உண்மையில் விற்கிறாரா என்று பார்க்க ஒரு மாணவனை வாங்கிவர அனுப்பவே கூடாது. தகவலைத் தலைமை ஆசிரியர் வழியாக எழுத்தில் கொடுங்கள், அல்லது மாநிலக் காவல்துறையின் கட்டணமில்லா எண் 10581-க்குச் சொல்லுங்கள். தகவல் எந்தப் பிள்ளையிடமிருந்து வந்தது என்பதை எங்கும் குறிப்பிடாதீர்கள். சிறார் நீதிச் சட்டம் 2015-ன் 77-ஆம் பிரிவு, பிள்ளைக்கு மதுவோ போதைப்பொருளோ புகையிலையோ கொடுப்பவருக்கு ஏழு ஆண்டு வரை கடுங்காவல் தண்டனையும் ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதமும் விதிக்கிறது. இதைக் குழுக் கூட்டத்தில் ஒருமுறை வாசித்துக் காட்டுங்கள்.

படி 3: மறுக்கப் பழக்குதல்

வாரம் ஒரு பாடவேளை, நான்கு வாரம். இந்த அத்தியாயத்தில் ஒரே ஒரு படியைத்தான் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். "வேண்டாம் என்று சொல்" என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எந்தக் குரலில், எந்தச் சொல்லில், சொன்ன பிறகு அங்கே நிற்பதா நகர்வதா என்று யாரும் சொல்லிக்கொடுப்பதில்லை. நீச்சலைக் கரும்பலகையில் கற்றுக்கொடுக்க முடியாதது போல, இதையும் வாயால் பழகித்தான் ஆக வேண்டும்.

1. சூழலைப் பிள்ளைகளிடமிருந்தே வாங்குங்கள். ஆளுக்கொரு சீட்டு கொடுத்து, "உனக்கு இஷ்டமில்லாத ஒன்றைச் செய்யச் சொல்லி யாராவது வற்புறுத்தியது உண்டா? பெயர் போடாமல் எழுது" என்று கேளுங்கள். பரீட்சையில் காட்டச் சொன்னது, கிணற்றில் குதிக்கச் சொன்னது, அண்ணன் வண்டியை எடுத்துவரச் சொன்னது என்று வந்து விழும். முதல் இரண்டு வாரம் இவற்றை வைத்தே பழக்குங்கள். போதைப்பொருளை மூன்றாம் வாரம் கொண்டுவாருங்கள். அதற்குள் வெட்கம் விட்டிருக்கும்.

2. நீட்டுபவராக நீங்களே நில்லுங்கள். அந்த வேடத்தை ஒரு மாணவனுக்குக் கொடுத்தால், கைதட்டல் முழுவதும் அவனுக்குப் போகும். வகுப்பிலேயே வாய்ச்சாலகன் அவனாகத்தான் இருப்பான். அவன் சொன்ன வசனம்தான் மற்றவர்களுக்கு நினைவில் நிற்கும்.

3. பல வழிகளைக் காட்டுங்கள். கூச்ச சுபாவக்காரனுக்கும் வாயாடிக்கும் ஒரே வழி பொருந்தாது.

- காரணம் சொல்லாமல் மறுப்பது: "வேணாம்டா." மறுபடி கேட்டாலும் அதே சொல். காரணம் சொன்னால் எதிராளி அந்தக் காரணத்தோடு வாதாடுவான்.
- வீட்டைச் சாக்குச் சொல்வது: "எங்கம்மா வாய மோந்து பாக்கும்டா."
- விளையாட்டைச் சாக்குச் சொல்வது: "நாளைக்குக் கபடி செலக்‌ஷன் இருக்கு."
- கூட இருப்பவனை இழுத்துக்கொண்டு போவது: "டேய், வாடா, பஸ் போயிடும்."
- ஒன்றும் சொல்லாமல் எழுந்து போய்விடுவது. பெரிய பையன்கள் சூழ்ந்திருக்கும்போது இதுதான் சரியான வழி. ஓடுவது கோழைத்தனம் இல்லை என்று அழுத்திச் சொல்லுங்கள்.

4. வற்புறுத்தலைக் கூட்டிக்கொண்டே போங்கள். முதல் சுற்றில் "சும்மா ஒரு தடவ வச்சுப் பாருடா." இரண்டாவதில் "பயந்தாங்கொள்ளி." மூன்றாவதில் "அப்ப இனிமே எங்ககூட வராத." பெரும்பாலான பயிற்சிகள் முதல் சுற்றோடு முடிந்துவிடுகின்றன. பிள்ளைகள் விழுவது மூன்றாவதில். கூட்டத்திலிருந்து தள்ளிவைப்பார்கள் என்ற பயம் பன்னிரண்டு வயதில் புற்றுநோய்ப் பயத்தைவிடப் பெரியது. மூன்றாம் சுற்று முடிந்ததும் நிறுத்தி, "இவங்க உன்ன சேத்துக்கலைன்னா யார்கிட்ட போவ?" என்று கேளுங்கள். பதில் வராத பிள்ளையின் பெயரைப் படி 1-ன் நோட்டில் குறியுங்கள்.

5. பக்கத்தில் நிற்பவனுக்கும் ஒரு வேடம் கொடுங்கள். ஒருவனிடம் நீட்டும்போது இன்னொருவன் "விடுடா, அவனுக்கு வேணாமாம்" என்று சொல்ல வேண்டும். தனக்காக மறுப்பதைவிட நண்பனுக்காகப் பேசுவது எளிது. அப்படிப் பேசியவன் பிறகு தனக்காகவும் பேசுவான்.

6. நீட்டுபவர் உறவுக்காரராக இருந்தால் என்ன செய்வது என்று தனியாகப் பழக்குங்கள். மாமனிடம் "போடா" என்று சொல்ல முடியாது. உங்கள் பெயரைச் சாக்காகச் சொல்லிக்கொள்ள அனுமதி கொடுங்கள்: "வேணாம் மாமா, எங்க டீச்சருக்குத் தெரிஞ்சா அவ்ளோதான்." இந்த அனுமதி கொடுத்த நாளிலிருந்து பிள்ளைகள் உங்களிடம் வந்து கதை சொல்ல ஆரம்பிப்பார்கள்.

7. கடைசிப் பத்து நிமிடம், எந்த வழி தங்கள் தெருவில் எடுபடும், எது எடுபடாது என்று அவர்களே பேசட்டும். நீங்கள் தொகுத்துச் சொல்ல வேண்டாம்.

அடிக்கடி நடக்கும் தவறுகள்: உண்மையான பொட்டலத்தையோ காலி உறையையோ நடிப்புக்குக் கொண்டுவருவது. நன்றாகப் பேசும் நான்கு பேரை மட்டும் நடிக்க வைப்பது. இதையே ஆண்டுவிழா நாடகமாக்குவது. மேடையில் தள்ளாடுபவனுக்குத்தான் சிரிப்பும் விசிலும் கிடைக்கும்.

படி 4: "எல்லாரும்தான் போடுறாங்க"

எத்தனை பேர் பயன்படுத்துகிறார்கள் என்று பிள்ளைகளிடம் ஊகிக்கச் சொன்னால், உண்மையைவிடப் பல மடங்கு அதிகமாகச் சொல்வார்கள். அந்தத் தப்புக் கணக்கைத் திருத்தினால் பாதி அழுத்தம் குறையும். மேலே சொன்ன 8.5 சதவீதத்தைத் திருப்பிப் போட்டுக் காட்டுங்கள்: நூறு பேரில் தொண்ணூற்றொரு பேர் தொடுவதில்லை. உங்கள் வகுப்பிலேயே கைதூக்கச் சொல்லிக் கணக்கெடுக்காதீர்கள். முப்பது பேர் உள்ள வகுப்பில் ரகசியம் நிற்காது.

செய்யவே கூடாதவை

போதைத் தடுப்புக்காக ஐக்கிய நாடுகள் அவை வகுத்த சர்வதேசத் தரநிலைகளிலும் சொல்லப்பட்ட விஷயங்கள் இவற்றில் உள்ளன. நம் பள்ளிகளில் மிக அதிகமாக நடப்பவையும் இவையே.

அழுகிய வாய், கருகிய நுரையீரல் படங்களைக் காட்டிப் பயமுறுத்துவது. ஏற்கெனவே ஒருமுறை வைத்துப் பார்த்த பையன், தனக்கு ஒன்றும் ஆகவில்லை என்பதைக் கண்டிருக்கிறான். நீங்கள் சொல்வது பொய் என்று அவன் முடிவு செய்துவிடுவான்.

போதையிலிருந்து மீண்டவரை அழைத்துவந்து கதை சொல்ல வைப்பது. அவருடைய துணிச்சல் மதிக்கத்தக்கது. ஆனால் பன்னிரண்டு வயதுப் பிள்ளை அந்தக் கதையிலிருந்து "எவ்வளவு போட்டாலும் திரும்பி வந்துடலாம்" என்பதை எடுத்துக்கொள்ளக்கூடும்.

சந்தேகத்துக்குரிய பிள்ளைகளை மட்டும் ஒன்றாக உட்கார வைத்து அறிவுரை வகுப்பு நடத்துவது. தனித்தனியாக இருந்தவர்கள் அன்றிலிருந்து ஒரு கூட்டாளிக் குழு ஆகிவிடுவார்கள். அவர்களை நல்ல நண்பர்கள் உள்ள குழுக்களில் ஒவ்வொருவராகப் பிரித்துச் சேருங்கள்.

மாணவர்களை உளவு சொல்ல வைப்பது. வகுப்பு முழுவதும் பையைக் கொட்டிச் சோதிப்பது. ஒருவன் மாட்டுவான், நாற்பது பேர் உங்களை நம்புவதை நிறுத்துவார்கள்.

படி 5: நாலரை முதல் ஏழு வரை

ஐஸ்லாந்து நாட்டில் 1998-ல், 15-16 வயது மாணவர்களில் 42 சதவீதம் பேர் முந்தைய மாதத்தில் ஒருமுறையாவது குடித்து போதையேறியிருந்தார்கள். 2016-ல் அது 5 சதவீதம் ஆனது. தினமும் புகைப்பவர்கள் 23-லிருந்து 3 சதவீதமாகக் குறைந்தார்கள். அவர்கள் சட்டத்தை இறுக்கியதோடு நிற்காமல், மாலை நேரத்தைப் பெரியவர்கள் மேற்பார்வையில் உள்ள விளையாட்டாலும் இசையாலும் நிரப்பினார்கள், பெற்றோரை ஒன்று சேர்த்தார்கள். அவர்களுக்கு இருக்கும் உள்ளரங்கங்கள் நமக்கு இல்லை. ஆனால் பள்ளி மைதானம் இருக்கிறது, பறையும் சிலம்பமும் தெரிந்தவர்கள் ஊரில் இருக்கிறார்கள்.

1. படி 1-ன் நோட்டில் மாலையில் வீட்டில் ஆள் இல்லாத பிள்ளைகளை எண்ணுங்கள்.
2. வாரத்தில் மூன்று நாள், பள்ளி முடிந்ததும் ஒரு மணி நேரம். உடற்கல்வி ஆசிரியரோ, ஊரின் முன்னாள் மாணவரோ நடத்தலாம். பெரியவர் ஒருவர் கண்பார்வையில் இருப்பது கட்டாயம். மேற்பார்வை இல்லாத மைதானம், ஆபத்து நடக்கும் இடமாகவே மாறிவிடும். வெளியாட்கள் என்றால் தலைமை ஆசிரியரின் எழுத்துமூல அனுமதியும், இரண்டு பெரியவர்கள் உடனிருப்பதும் வேண்டும்.
3. அணியில் இடம் திறமைக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். ஓடத் தெரியாதவனுக்கு ஸ்கோர் எழுதும் வேலை கொடுங்கள்.
4. மதிப்பெண் குறைந்ததற்குத் தண்டனையாக விளையாட்டை நிறுத்தாதீர்கள். அவனைப் பள்ளியோடு கட்டியிருக்கும் ஒரே கயிறு அதுவாக இருக்கலாம்.

படி 6: பெற்றோர்

கூட்டத்துக்கு வராத பெற்றோர்தான் உங்களுக்கு வேண்டியவர்கள். கூலி வேலைக்குப் போகும் அம்மாவைப் பகல் பதினொரு மணிக்கு அழைத்தால் அவர் ஒரு நாள் சம்பளத்தை இழக்க வேண்டும். மாலையிலோ ஞாயிறன்றோ தெருவிலேயே கூடுங்கள். முக்கால் மணி நேரம் போதும். மூன்று வேண்டுகோள்களை மட்டும் வையுங்கள்: பீடியும் சரக்கும் வாங்கிவரப் பிள்ளையை அனுப்பாதீர்கள். பிள்ளையின் இரண்டு நண்பர்களுடைய பெற்றோரின் போன் நம்பரை வைத்திருங்கள். பிள்ளையிடம் ஏதாவது கண்டுபிடித்தால் அடிப்பதற்கு முன் எனக்குப் போன் செய்யுங்கள்.

குடிக்கும் அப்பாவைக் கூட்டத்தில் குத்திக்காட்டாதீர்கள். "நீங்க எப்படியோ, உங்க புள்ள தொடக்கூடாதுன்னு நெனைக்கிறீங்கல்ல? அத அவன்கிட்ட நீங்களே சொல்லுங்க" என்று தனியே கேளுங்கள்.

படி 7: ஒரு பிள்ளை மாட்டிக்கொண்டால்

ஏழாம் வகுப்புப் பையனின் பேன்ட் பாக்கெட்டில் ஒரு புகையிலைப் பை இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அடுத்த ஒரு மணி நேரம் நீங்கள் நடந்துகொள்வதை வகுப்பு முழுவதும் கவனித்துக்கொண்டிருக்கும்.

1. வகுப்பின் முன் ஒரு வார்த்தையும் சொல்லாதீர்கள். "என்கூட வா, ஒரு வேலை இருக்கு" என்று அழைத்துப் போங்கள்.

2. உடல்நிலையைப் பாருங்கள். வாந்தி, குழறல், மயக்கம், நெஞ்சு படபடப்பு இருந்தால் மற்றதையெல்லாம் விட்டுவிட்டுக் கீழே உள்ள அவசர உதவிப் பகுதிக்குப் போங்கள்.

3. பொருளை இன்னொரு ஆசிரியர் முன்னிலையில் உறையிலிட்டு, நேரத்தை எழுதித் தலைமை ஆசிரியரிடம் கொடுங்கள். முகர்ந்தோ சுவைத்தோ பார்க்கக்கூடாது. வீட்டுக்கு எடுத்துப் போகவும் கூடாது. கஞ்சாவோ மாத்திரையோ என்று சந்தேகம் வந்தால் தலைமை ஆசிரியர் காவல் நிலையத்தில் ஒப்படைக்க வேண்டும். ஒவ்வொரு காவல் நிலையத்திலும் குழந்தைகள் நலக் காவல் அலுவலர் ஒருவர் இருக்க வேண்டும் என்பது சிறார் நீதிச் சட்டம் சொல்வது. அவரைக் கேட்டுப் பேசுங்கள்.

4. தனியாகப் பேசுங்கள், ஆனால் கதவு திறந்திருக்கட்டும், இன்னொரு ஆசிரியரின் கண்ணுக்குத் தெரியும்படி. அது அவனுக்கும் பாதுகாப்பு, உங்களுக்கும் பாதுகாப்பு.

5. "ஏன்டா இப்படிப் பண்ணுன?" என்று தொடங்காதீர்கள். அதற்குப் பதில் அவனுக்கே தெரியாது. இப்படிப் போகலாம்:

"உடம்பு எப்படி இருக்கு? தல சுத்துதா?"
"இல்ல சார்."
"சாப்டியா காலைல?"
"..."
"அடிக்கப் போறதில்ல. மொத மொத எப்ப பாத்த இத?"

யார் கொடுத்தது என்ற கேள்வியைக் கடைசிக்குத் தள்ளுங்கள். அந்தப் பெயரைச் சொன்னால் தெருவில் அவனுக்கு அடி விழலாம். சொல்லாவிட்டால் விட்டுவிடுங்கள். அவன் மறுநாளும் உங்களிடம் வர வேண்டும், அது பெயரைவிட முக்கியம்.

6. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். காப்பாற்ற முடியாது. "யாருக்குத் தெரிஞ்சாகணுமோ அவங்களுக்கு மட்டும்தான் சொல்வேன். உன்கிட்ட சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்பது போதும்.

7. அன்றைக்கே பெற்றோரை நேரில் பார்த்துப் பேசுங்கள். போனில் விஷயத்தை உடைக்காதீர்கள். வீட்டில் யார் கை நீட்டுவார்கள் என்று பிள்ளையிடம் முன்பே கேட்டுக்கொண்டு, அவரல்லாத ஒருவரிடம் முதலில் சொல்லுங்கள். வீட்டுக்குப் போவது பிள்ளைக்கு ஆபத்து என்று தோன்றினால் குழந்தைகள் உதவி எண் 1098-க்கு அழையுங்கள்.

8. ஒருமுறை ருசி பார்த்ததா, தினசரிப் பழக்கமா என்று பிரித்தறியுங்கள். காலையில் எழுந்ததும் தேவைப்படுகிறது, இல்லாவிட்டால் தலைவலி, எரிச்சல், பணம் திருடுவது என்றால் அறிவுரையால் தீராது. அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவுக்குப் பெற்றோரோடு அனுப்புங்கள். போதை மீட்புக்கான தேசிய உதவி எண் 14446, மனநல ஆலோசனைக்கு 14416. இந்த எண்களைப் பிள்ளைகளுக்குக் கொடுக்குமுன் நீங்களே ஒருமுறை அழைத்துப் பேசிப் பாருங்கள்.

9. மறுநாள் அவன் பள்ளிக்கு வர வேண்டும். "டி.சி. கொடுத்து அனுப்பிடலாம், மத்த புள்ளைங்க கெட்டுடும்" என்று ஆசிரியர் அறையில் குரல் எழும். கல்வி உரிமைச் சட்டம் 2009-ன் 16-ஆம் பிரிவு, எட்டாம் வகுப்பு முடியும்வரை எந்தப் பிள்ளையையும் பள்ளியிலிருந்து நீக்கக்கூடாது என்கிறது. 17-ஆம் பிரிவு அடிப்பதையும் மனத்தளவில் வதைப்பதையும் தடை செய்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும் நான் இதையே சொல்வேன். பள்ளியை விட்டு அனுப்பப்பட்ட பையன் அன்று மாலையே அந்தப் பெரிய பையன்களின் முழுநேரக் கூட்டாளி ஆகிறான்.

10. முதல் வாரம் தினமும் இரண்டு நிமிடம் அவனோடு பேசுங்கள். பிறகு மூன்று மாதம் வாரம் ஒருமுறை. ஒவ்வொரு முறையும் அதையே கேட்காதீர்கள். கபடியைப் பற்றிக் கேளுங்கள், தங்கச்சியைப் பற்றிக் கேளுங்கள்.

அவசர உதவி

ஆசிரியர் அறைச் சுவரில் ஒட்டுங்கள்.

- ஒயிட்னரோ சொல்யூஷனோ முகர்ந்துகொண்டிருக்கும் பிள்ளையைக் கண்டால் கத்தாதீர்கள், துரத்தாதீர்கள். அந்த ஆவி இதயத்தைத் தூண்டிவிட்ட நிலையில் வைத்திருக்கும். திடீர் பயமும் ஓட்டமும் சேர்ந்தால் இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம், முதல்முறை முகர்ந்தவனுக்கும்கூட. மெதுவாக அருகே போய், காற்றோட்டமான இடத்தில் உட்கார வையுங்கள். பக்கத்தில் தீக்குச்சி கூடாது.
- மயங்கிக் கிடந்து மூச்சு விட்டுக்கொண்டிருந்தால், ஒருக்களித்துப் படுக்கவைத்து 108-ஐ அழையுங்கள். வாந்தி மூச்சுக்குழலில் போகாமல் இருக்கத்தான் இது.
- மூச்சு இல்லையென்றால் 108-ல் பேசுபவர் சொல்லச் சொல்ல, நெஞ்சின் நடுவே நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்துங்கள்.
- மோர், எலுமிச்சைச் சாறு, உப்புத் தண்ணீர், காபி எதுவும் கொடுக்காதீர்கள். வாந்தி எடுக்க வைக்காதீர்கள். "தூங்கினா சரியாயிடும்" என்று தனியே விடாதீர்கள்.
- உறை, புட்டி எது கிடைத்தாலும் மருத்துவரிடம் காட்ட எடுத்துப் போங்கள். பள்ளியின் பெயர் கெடும் என்று மருத்துவரிடம் மறைக்காதீர்கள்.

படி 8: எட்டாம் வகுப்பு முடிந்து போகும்போது

நடுநிலைப்பள்ளிகளில் இந்தப் படியை ஏறக்குறைய யாரும் செய்வதில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வேறு ஊர், பஸ் பயணம், பஸ் ஸ்டாண்டில் காத்திருப்பு, பெரிய பையன்களின் சகவாசம், பெயர் தெரியாத ஆசிரியர்கள் என எல்லாம் ஒரே மாதத்தில் வந்து சேரும்.

1. மார்ச் மாதத்தில் படி 3-ஐ ஒருமுறை திரும்பச் செய்யுங்கள். இந்த முறை சூழல் பஸ் ஸ்டாண்டாக இருக்கட்டும்.
2. ஒரே பள்ளிக்குப் போகும் பிள்ளைகளை இரண்டிரண்டு பேராகச் சேர்த்துவிடுங்கள். பெற்றோர்களும் ஒருவரையொருவர் அறிந்திருக்க வேண்டும்.
3. ஏற்கெனவே மாட்டிய பிள்ளை என்றால், அதை எந்தக் காகிதத்திலும் எழுதி அனுப்பாதீர்கள். பெற்றோர் சம்மதித்தால் புதிய வகுப்பு ஆசிரியரிடம் நேரில் பேசுங்கள். அவனுக்கு எது நன்றாக வரும் என்பதை முதலில் சொல்லுங்கள்.
4. ஜூன் இரண்டாம் வாரத்தில் ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு போன். எந்த பஸ்ஸில் போகிறான், யாரோடு போகிறான், புதுப் பள்ளியில் எந்த ஆசிரியரைப் பிடித்திருக்கிறது என்று அவனிடமே கேளுங்கள். மூன்றாவது கேள்விக்குப் பதில் வரவில்லையென்றால், அந்தப் பள்ளியின் வகுப்பு ஆசிரியரை அன்றைக்கே அழைத்து அவன் பெயரைச் சொல்லுங்கள்.